ரிசார்ட் மெம்பர்ஷிப் நமக்குக் கட்டுப்படியாகுமா? கையெழுத்துக்கு முன் வீட்டில் போட வேண்டிய கணக்கு

மஞ்சக்குப்பத்தில் ஒரு பெட்ரோல் பங்கில் நின்றிருந்தபோது ஒரு பையன் கூப்பன் ஒன்றை நீட்டினான். பெயர், போன் நம்பர், கல்யாணம் ஆகிவிட்டதா, மாத வருமானம், கார் இருக்கிறதா என்று ஐந்து கேள்விகள். எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு மறந்துவிட்டேன். நான்காம் நாள் போன் வந்தது. "வாழ்த்துகள் சார், உங்களுக்கு இரண்டு இரவு இலவசத் தங்கல் விழுந்திருக்கு. ஞாயிற்றுக்கிழமை பாண்டிக்கு வந்து வாங்கிக்குங்க. மேடத்தைக் கட்டாயம் கூட்டிட்டு வாங்க. கிரெடிட் கார்டும் கையில் இருக்கட்டும்."

கடலூரிலும் புதுச்சேரியிலும் இந்த போன் வராத வீடு குறைவு. போய் உட்கார்ந்தால் லட்சக்கணக்கில் ஒரு விடுமுறைத் திட்டத்தைக் காட்டி, அன்றே முடிவு சொல்லச் சொல்வார்கள். டைம்ஷேர், ஹாலிடே மெம்பர்ஷிப், வெக்கேஷன் கிளப் என்று பெயர் பல. நான் போயிருக்கிறேன், என் உறவில் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். அந்த ஹாலுக்குள் நுழைவதற்கு முன்னால் வீட்டிலேயே செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

முதல் படி: எதை விற்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்

நம் ஊரில் விற்கும் திட்டங்களில் பெரும்பாலானவை தங்கும் உரிமை மட்டுமே. நிலமோ அறையோ உங்கள் பெயருக்கு வராது. பத்திரப்பதிவு கிடையாது. "குழந்தைகளுக்குச் சொத்து சேர்க்கிறீங்க சார்" என்று யாராவது சொன்னால், எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு என்று கேளுங்கள்.

இந்தியாவில் இது பழைய வியாபாரம்தான். ஸ்டெர்லிங் 1986-லும் கிளப் மஹிந்திரா 1996-லும் தொடங்கின. வழக்கமான பெரிய திட்டம் ஒன்றில் வருடத்துக்கு 7 இரவு, 25 வருடம் என்று இருக்கும். எந்த சீசன், எந்த அளவு அறை என்பதைப் பொறுத்து விலை மாறும். சீசனுக்கு ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறப்பெயர் வைத்திருப்பார்கள். கூட்டம் அலைமோதும் நாட்களுக்கு உரிமை வேண்டுமென்றால் விலை அதிகம். சில இடங்களில் இரவுகளுக்குப் பதில் பாயின்ட் கணக்கு; வருடத்துக்கு இத்தனை பாயின்ட் என்று தந்து, தங்கும்போது கழித்துக்கொள்வார்கள்.

பணம் இரண்டு வகையாகப் போகும். சேரும்போது ஒரு பெரிய தொகை. அப்புறம் வருடா வருடம் ஒரு சந்தா, அதாவது பராமரிப்புக் கட்டணம். நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் இரண்டாவதைக் கட்டித்தான் ஆக வேண்டும். அது வருடத்துக்கு வருடம் ஏறும். 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தனி. சாப்பாடு, போக்குவரத்து இதில் சேராது. மலை மேல் தனியாக இருக்கும் ரிசார்ட்டில் மூன்று வேளையும் அங்கேயேதான் சாப்பிட வேண்டும் என்பதால், சாப்பாட்டு பில்லே ஒரு செலவாக நிற்கும்.

அமெரிக்காவில் இருக்கும் மகனோ மகளோ ஃப்ளோரிடா மாநிலத்து ஆர்லாண்டோவில் டைம்ஷேர் வாங்கலாமா என்று கேட்டால், அந்த ஊர்க் கதை வேறு என்று சொல்லுங்கள். அங்கே பத்திரமாகவே எழுதித் தரும் திட்டங்கள் உண்டு. பராமரிப்புச் செலவும் அந்தப் பத்திரத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். வேண்டாமென்று திருப்பிக் கொடுக்க ஃப்ளோரிடாவில் 10 நாளும் கலிஃபோர்னியாவில் 7 நாளும் சட்டமே தருகிறது. இனி நான் சொல்வதெல்லாம் நம் ஊர்த் திட்டங்களைப் பற்றியது.

இரண்டாம் படி: கடந்த மூன்று வருட இரவுகளை எண்ணுங்கள்

எல்லாவற்றையும்விட முக்கியமான படி இதுதான். கம்பெனி சொல்லும் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள்.

நானும் என் மனைவியும் ஒரு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து, போனில் இருந்த போட்டோக்களையும் ரயில் டிக்கெட் மெசேஜ்களையும் வைத்து எண்ணினோம். மூன்று வருடத்தில் வீட்டுக்கு வெளியே தூங்கியது மொத்தம் 31 இரவு. "நாம நல்லா சுத்தித்தான் இருக்கோம்" என்றாள் அவள். பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்தோம். கல்யாணம், காதுகுத்து, மதுரையில் மச்சினி வீடு என்று சொந்தக்காரர்கள் வீட்டில் 16. திருப்பதி, பழநி, வேளாங்கண்ணி என்று கோயில் குளத்துக்கு 5. என் மாமியாரோடு வேலூர் ஆஸ்பத்திரியில் துணைக்கு 4. சுற்றிப் பார்ப்பதற்காகவே போய், ரூம் எடுத்துத் தங்கியது ஊட்டியில் 3, மூணாறில் 3. ஆக 6 இரவு.

அதாவது வருடத்துக்கு இரண்டு. அவர்கள் விற்பது வருடத்துக்கு ஏழு.

நம் குடும்பங்கள் பெரும்பாலும் இப்படித்தான் பயணம் போகின்றன. முருகனைப் பார்க்கப் போனால் ஒரு ராத்திரி, அதுவும் படிக்கட்டுக்கு நடந்து போகும் தூரத்தில் ரூம் வேண்டும். கல்யாணத்துக்குப் போனால் மண்டபத்துப் பக்கம்தான் தங்க வேண்டும். இதற்கெல்லாம் ரிசார்ட் மெம்பர்ஷிப் உதவாது. இன்னொன்றும் இருக்கிறது. மற்றவர்கள் காசு கொடுத்து வரும் ஊரில் நாம் குடியிருக்கிறோம். சனிக்கிழமை ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க சென்னை வண்டிகள். நமக்கோ சாயங்காலம் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை, ஒரு லீவு நாள் என்றால் பிச்சாவரம் படகு, புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலை வரை ஒரு நடை. இதற்கு ரூமே வேண்டாம். கடல் பக்கத்திலேயே இருப்பதால் நமக்கு வேண்டியது மலை. மலைக்கு நாம் போக நினைப்பது பள்ளி லீவு விடும் மே மாதத்தில். இந்த மே மாதத்துக்குத் திரும்ப வருகிறேன்.

எண்ணும்போது "இனிமேல் போவோம்" என்ற எண்ணத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மெம்பர்ஷிப் இருந்தால் கட்டாயம் போவோம் என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் லீவு கொடுப்பது உங்கள் ஆபீஸ். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு வருடங்களில் பிள்ளைகளை நகர்த்தவும் முடியாது. வயதான அப்பா அம்மா வீட்டில் இருந்தால் ஏழு நாள் பூட்டிவிட்டுப் போக முடியுமா என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

மூன்றாம் படி: ஓர் இரவுக்கு என்ன விலை?

ஓர் உதாரணம். தொகைகள் என் கற்பனை, உங்களிடம் சொன்ன தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள். சேர்க்கைத் தொகை வரியோடு 5,00,000 ரூபாய். 25 வருடம், வருடம் 7 இரவு. சந்தா 20,000, வரியோடு 23,600.

5,00,000-ஐ 25-ஆல் வகுத்தால் வருடத்துக்கு 20,000. சந்தாவைச் சேர்த்தால் 43,600. ஏழு இரவால் வகுத்தால் ஓர் இரவுக்குச் சுமார் 6,230 ரூபாய், இன்றைய விலையில். வட்டியைச் சேர்க்கவில்லையே என்று கேட்கலாம். பேங்கில் போட்ட பணம் வளரும் வேகமும், ஹோட்டல் வாடகையும் சந்தாவும் ஏறும் வேகமும் ஏறக்குறைய ஒன்று என்று வைத்துக்கொண்டால் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். அதனால் இந்தச் சுருக்கு வழி போதும்.

6,230 என்பது மோசமான விலை இல்லை. நல்ல ரிசார்ட்டில் சீசன் நேரத்தில் அதைவிட அதிகம் கேட்பார்கள். இங்கேதான் பலர் தலையாட்டிவிடுகிறோம். இப்போது உங்கள் நோட்டில் எழுதிய இரவுகளால் வகுத்துப் பாருங்கள். வருடம் நான்கு இரவு போனால் 10,900. எங்கள் வீட்டுக் கணக்குப்படி இரண்டு இரவு என்றால் 21,800.

அடுத்து, எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள் என்பது. எட்டு வருடத்தில் அலுத்து நிறுத்திவிட்டால் 5,00,000-ஐ எட்டால் வகுக்க வேண்டும். ஏழு இரவும் தவறாமல் போயிருந்தால்கூட ஓர் இரவு 12,300 ஆகிவிடும். 45 வயதில் சேர்ந்தால் திட்டம் முடியும்போது உங்களுக்கு 70. அப்போது மூணாறு வளைவுகளில் ஏறி இறங்க உடம்பு ஒத்துழைக்குமா என்பதும் கணக்குதான்.

இ.எம்.ஐ. போட்டால் இன்னும் ஏறும். அதே 5,00,000-ஐ 15 சதவீத வட்டியில் நாலு வருடத் தவணையில் கட்டினால் மாதம் ஏறக்குறைய 13,900 ரூபாய், மொத்தம் 6,68,000. கடன் வாங்கித்தான் சேர முடியும் என்ற நிலையில் இருந்தால் என் பதில் ஒன்றுதான்: வேண்டாம். நகைக்கடன், படிப்புக் கடன், வீட்டுக் கடன் எதுவாக இருந்தாலும் முதலில் அது முடியட்டும்.

ஒப்பிடுவதற்கு, நீங்கள் போக நினைக்கும் இரண்டு ஊரில், போக நினைக்கும் தேதியில், நிஜமாக என்ன வாடகை கேட்கிறார்கள் என்று போனில் பார்த்து எழுதுங்கள். 2025 செப்டம்பருக்குப் பிறகு ஒரு நாளுக்கு 7,500 ரூபாய் வரையான அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். அந்தக் குறைவும் ரூம் எடுப்பவர் பக்கம்தான். அதே சமயம் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். தாத்தா பாட்டியோடு ஆறு பேராகப் போகும் குடும்பத்துக்கு ஹோட்டலில் இரண்டு ரூம் வேண்டும். மெம்பர்ஷிப்பில் சமையல் மேடையோடு ஒரு பெரிய அபார்ட்மென்ட் கிடைத்தால் அந்த இரண்டு ரூம் வாடகையோடுதான் ஒப்பிட வேண்டும்.

நான்காம் படி: கேட்கும் தேதியில் இடம் கிடைக்குமா?

நெய்வேலியில் இருக்கும் என் சித்தப்பா ஒரு திட்டத்தில் சேர்ந்தார். முதல் இரண்டு வருடம் நன்றாகத்தான் போய்வந்தார்கள். போட்டோவெல்லாம் ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டியிருந்தார். பேரப்பிள்ளைகள் பள்ளி சேர்ந்த பிறகு மே மாதம் தவிர வேறு மாதம் முடியவில்லை. அவர் வாங்கியது விலை குறைந்த சீசன். மே மாதக் கொடைக்கானலுக்கு அவரால் கேட்கவே முடியாது. தீபாவளியை ஒட்டிக் கேட்டால் "வெயிட்டிங் லிஸ்ட்". ஆகஸ்டில் போகலாம், கொட்டும் மழையில். ஒரு வருடம் போகாததால் சந்தா கட்டாமல் விட்டார். அடுத்த வருடம் கேட்டபோது பாக்கியையும் வட்டியையும் கட்டினால்தான் ரூம் என்றார்கள். ஏழாவது வருடத்தோடு கைவிட்டார். "பணம் போனதுகூடப் பரவாயில்லடா, வருஷா வருஷம் அந்த சந்தா லெட்டர் வரும்போது உங்க சித்தி மூஞ்சியைப் பார்க்க முடியல" என்றார். அந்த வார்த்தைக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆகவே, ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். ஆபீசிலோ தெருவிலோ ஒருவர் கட்டாயம் இருப்பார். அவர் போனில் அந்தக் கம்பெனியின் ஆப்பைத் திறந்து, வரும் மே மாதத்தில் ஊட்டி, கொடைக்கானல், மூணாறு, பொங்கல் லீவில் கூர்க் என்று உங்கள் கண் முன்னால் தேடச் சொல்லுங்கள். எத்தனை மாதம் முன்னால் புக்கிங் திறக்கிறது, விலை உயர்ந்த சீசன்காரர்களுக்கு முன்னுரிமை உண்டா, பயன்படுத்தாத இரவு அடுத்த வருடத்துக்குப் போகுமா என்றும் கேளுங்கள். விற்பவரின் ஆயிரம் பேச்சைவிட இந்தப் பத்து நிமிடம் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

ஐந்தாம் படி: ஹாலுக்குப் போவதென்றால்

போகாமல் இருப்பதே நல்லது. போனால், கார்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

நாங்கள் போன இடத்தில் வட்ட மேசைகள், ஒரு மூலையில் குழந்தைகளுக்குக் கலர் பென்சில், கையில் ஆரஞ்சு ஜூஸ். எங்கள் மேசைக்கு வந்த பையன் தங்கமானவன், மரியாதையாகப் பேசினான். "வருஷத்துக்கு எத்தனை நாள் டூர் போவீங்க சார்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வெள்ளைத்தாளில் 7 என்று எழுதினான். ஓர் இரவு 6,000, ஏழு இரவு 42,000. வருடம் பத்து சதவீதம் ஏறும், 25 வருடம். கால்குலேட்டரைத் தட்டி, 41 லட்சம் என்று எழுதி இரண்டு முறை வட்டம் போட்டான். பக்கத்தில் 5 லட்சம் என்று எழுதினான். "எது சார் அதிகம்?"

பெருக்கலில் தப்பில்லை. அந்தத் தாளில் இல்லாததுதான் விஷயம். ஹோட்டல் வாடகையை ஏற்றியவன் சந்தாவை எழுதவே இல்லை. நான் மேலே போட்ட 23,600 சந்தாவும் வருடம் 6 சதவீதம் ஏறினால் 25 வருடத்தில் சந்தா மட்டும் கிட்டத்தட்ட 13 லட்சம். அந்த 5 லட்சத்தை 7 சதவீதத்தில் பேங்கில் விட்டுவைத்தால் 25 வருடத்தில் 27 லட்சம் ஆகும் என்பதும் தாளில் இல்லை. ஏழு இரவு என்பதும் எங்கள் பதில் இல்லை.

இடையில் வேறொரு மேசையில் யாரோ சேர்ந்துவிட்டார்கள் என்று மைக்கில் சொன்னார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். அப்புறம் மேனேஜர் வந்து விலையைக் குறைத்தார், இன்று மட்டும் என்றார். நாளைக்கு வந்தால் ஏன் இதே விலை இல்லை என்று என் மனைவி கேட்டாள். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை, இன்னொரு சலுகையைச் சொன்னார். "ஒப்பந்தத்தின் ஒரு காப்பியை வீட்டுக்குக் கொடுங்க, படிச்சிட்டு வாரக் கடைசியில் சொல்றோம்" என்று கேட்டோம். தரவில்லை. எழுந்து வந்துவிட்டோம். இலவசத் தங்கல் கூப்பனை வீட்டில் வந்து படித்தபோது, முன்பதிவுக் கட்டணமும் வரியும் கட்ட வேண்டும், சனி ஞாயிறு செல்லாது என்று பொடி எழுத்தில் இருந்தது.

படிக்கத் தராத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தந்தால் இந்த இடங்களைத் தேடிப் படியுங்கள்: சந்தா எவ்வளவு வரை ஏறலாம், அதற்கு உச்சவரம்பு உண்டா, நடுவில் விலகினால் என்ன திரும்பும், வேறொருவர் பெயருக்கு மாற்ற என்ன கட்டணம், வழக்கென்றால் எந்த ஊரில். "எழுத்தில் இல்லாத வாக்குறுதிகள் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது" என்ற ஒரு வரி ஏறக்குறைய எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். மேசையில் அந்தப் பையன் சொன்ன அத்தனையையும் அந்த ஒரு வரி அடித்துவிடும். ஆகவே வாய்ச்சொல்லாகச் சொன்னதை மெயிலில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

தங்காவிட்டால் வட்டியோடு பணம் திரும்ப வரும் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள். பான்கார்ட் கிளப்ஸ் என்ற மும்பை நிறுவனம் அறை இரவுகளை விற்பதாகச் சொல்லி இப்படித்தான் 7,000 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியது. அது அனுமதியில்லாத கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று சொல்லி, பணத்தைத் திருப்பித் தரும்படி பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2016-ல் உத்தரவிட்டது. சேர்ந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல்.

யாருக்குச் சரிப்படும்?

என்னோடு வேலை பார்க்கும் லாஸ்பேட்டை நண்பர் ஒருவருக்கு இது நன்றாகவே பொருந்திவிட்டது. கையிலிருந்த பணத்தைக் கட்டிச் சேர்ந்தார், கடன் இல்லை. மனைவி சொந்தமாகத் தையல் கடை வைத்திருப்பதால் லீவுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. பிள்ளைகள் கல்லூரி முடித்துவிட்டார்கள். பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் கூட்டமில்லாத நாட்களில் போகிறார்கள், ஏழு இரவில் ஒன்றையும் விடுவதில்லை. புதிதாகச் சேருகிறவர் இவரைப் போல இருந்தால் கணக்கு நிற்கும்.

ஆசை இருக்கிறது, ஆனால் கணக்கு நிற்கவில்லை என்றால், போஸ்ட் ஆபீசிலோ பேங்கிலோ மாதம் 3,000 ரூபாய் ஆர்.டி. போடுங்கள். வருடத்துக்கு 36,000, வட்டி தனி. அதில் நீங்கள் விரும்பிய ஊரில் நான்கைந்து இரவு தாராளமாகத் தங்கலாம். போக முடியாத வருடத்தில் பணம் உங்களிடமே இருக்கும். பழைய உறுப்பினரிடமிருந்து குறைந்த விலைக்கு வாங்குவதும் ஒரு வழி. மீதி எத்தனை வருடம், சந்தா பாக்கி உண்டா, மாற்றினால் எல்லாச் சலுகையும் உங்களுக்கு வருமா என்பதை மட்டும் கம்பெனியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா?

பதற வேண்டாம், ஆனால் இன்றே ஒப்பந்தத்தை எடுங்கள். டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இல்லாததால், ரத்து செய்யும் காலம் என்று அதில் எழுதியிருப்பதுதான் முதல் பிடி. பல திட்டங்களில் அது 10 நாள். எந்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். மெயிலும் அனுப்புங்கள், ஸ்பீடு போஸ்டில் கடிதமும் அனுப்புங்கள். மெம்பர்ஷிப் எண், பணம் கட்டிய தேதி, ரத்து செய்கிறேன், முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். நான்கு வரி போதும். போனில் சமாதானம் பேசியே அந்தப் பத்து நாளையும் கடத்திவிடப் பார்ப்பார்கள். "எழுத்தில் அனுப்புங்க" என்று சொல்லி வைத்துவிடுங்கள். இ.எம்.ஐ. போட்டிருந்தால் பேங்குக்கும் அதே கடிதத்தின் நகலை அனுப்புங்கள்.

அந்தக் காலம் தாண்டிவிட்டால், அல்லது சொன்னதைத் தரவில்லை என்றால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதியுங்கள். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கம்பெனி மும்பையில் இருந்தாலும் கடலூர்க்காரர் கடலூரிலும், புதுச்சேரிக்காரர் புதுச்சேரியிலும் போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் நீங்களே பேசலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அன்று மேசையில் எழுதிக் காட்டிய அந்த வெள்ளைத்தாள் கிடைத்தால் அதையும், ரசீதுகள், மெசேஜ்கள், ரூம் கேட்டு இல்லை என்று வந்த பதில்கள் எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரு ஃபைலில் கோத்து எடுத்துப் போங்கள்.